முதல் குழு

ஜனவரி 12

என் அருமை நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். நலம் என்று எழுதக் கை வரவில்லை. இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய், அந்த வறட்டு இருமல் விட்டதா?

போன் கையில் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று சிரிப்பாய். நம் சிட்டுவுக்குப் பதினைந்து வயது முடிந்துவிட்டது, காது பாம்புச் செவி. நான் போனில் பேசினால் அடுத்த அறையில் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கேட்கிறாள். செய்தி அனுப்பினால் என் போனைத் திறந்து படித்துவிடுகிறாள். அவளைப் பற்றி அவளுக்குத் தெரியாமல் பேச எனக்கு இது ஒன்றுதான் வழி.

போன வாரம் அவளுக்கு மறுபடி ரத்தத்தில் அம்மோனியா ஏறிவிட்டது. பாலும் பருப்பும் முட்டையும் தன் ரத்தத்தில் விஷமாகும் என்று தெரிந்த பெண்தான். பள்ளியில் யாரோ நீட்டிய கேக்கை வாங்கித் தின்றிருக்கிறாள். சாயங்காலம் புத்தி தடுமாறி, செருப்பை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தாள். என்னடி பண்றே என்று கேட்டதற்கு, "அதுக்கு சூடா இருக்கும்மா" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்படியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அங்கே டாக்டர் ஒரு விஷயம் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன் சிட்டுவுக்குச் சோதனையாக ஏற்றிய மருந்தை, பின்னால் வந்த குழுக்களுக்கு அளவைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்தார்களாம். இப்போது பலன் தெரிகிறதாம். ஒரு பெண் முழு முட்டையைத் தின்றுவிட்டு மறுநாள் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். அடுத்து பெரிய சோதனை ஆரம்பிக்கப்போகிறார்கள். அந்த மருந்தைக் கல்லீரல் வரை சுமந்துபோகும் கொழுப்பு உருண்டையைச் செய்வது உங்கள் ஆய்வகம்தானே. போன முறை நீதான் எங்களை முன்வரிசையில் நிறுத்தினாய். இந்த முறையும் நிறுத்திவிடு, கொழுப்புக்காரி. எல்லோருக்கும் கொழுப்பு தானாக ஏறும், சம்பளம் வாங்கிக்கொண்டு ஏற்றுகிறவள் நீ ஒருத்திதான்.

பதிலை எதிர்பார்த்து,
அண்ணி


ஜனவரி 30

அன்புள்ள அண்ணிக்கு,

இருமல் போய்விட்டது. தூக்கம்தான் சரியில்லை, மற்றபடி சௌகரியம். அண்ணனின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? லிப்ட் பழுது பார்க்கிறேன் என்று இன்னும் படி ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறானா?

செருப்பு விஷயத்தை இரண்டு முறை படித்தேன்.

இந்த வாரம் முழுக்க எனக்குக் குளிர் அறையில்தான் வேலை. நான்கு வகைக் கொழுப்பை எடை போட வேண்டும். ஒன்று மெழுகுத் தூள் மாதிரி இருக்கும், ஒன்று தேனாக ஒட்டிக்கொண்டு கரண்டியை விட்டு வராது. நான்கையும் ஆல்கஹாலில் கரைத்து ஒரு குழாயில் விடுவோம். மறு குழாயில் புளிப்பேற்றிய நீரில் மரபணுச் செய்தி, அதாவது மருந்து, வரும். தலைமுடி அளவு பள்ளத்தில் இரண்டும் மோதும். தெளிந்த நீராக வந்த இரண்டும் லேசாக நீலம் பூத்த கலங்கலாக வெளியே வரும், ஒவ்வொரு சொட்டிலும் கோடிக்கணக்கான உருண்டைகள். நாலாவது கொழுப்புதான் மேல்பூச்சு. அது இல்லாவிட்டால் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். இத்தனை வருடமாகியும் இந்த வேலை எனக்கு அலுக்கவில்லை.

சோதனையைப் பற்றி விசாரிக்கிறேன், உடனே சொல்ல முடியாது. அதற்குள் ஒரு சின்ன விஷயம். அப்போது மூன்றாவது முறை ஏற்றியபோது சிட்டுவுக்கு முதுகில் தடிப்பு வந்தது என்றீர்களே, கூடவே மூச்சு வாங்கியதா? சும்மாதான் கேட்கிறேன்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.
உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 9

என் நாத்தனாருக்கு,

சாப்பிடுகிறாயா, இல்லை அந்தக் குளிர் அறையே உன்னைச் சாப்பிடுகிறதா? இங்கே உன் அண்ணனின் முழங்காலைத் தவிர மற்றவை பரவாயில்லை.

தடிப்பு வந்தது, முகம் சிவந்தது, கொஞ்சம் இருமினாள். ஒரு மாத்திரை கொடுத்தார்கள், அடங்கிவிட்டது. நீ சும்மா எதையும் கேட்கிறவள் இல்லையே, ஏன் கேட்டாய்?

உன் அண்ணனிடம் புதுச் சோதனையைச் சொன்னேன். "என் தங்கச்சி இருக்கிறப்ப எனக்கென்ன கவலை" என்று துண்டை உதறிக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அந்த மனுஷனுக்கு நீ வைத்ததுதான் சட்டம். அன்றைக்கு நீ வந்து எங்கள் எதிரில் உட்கார்ந்து பேசியது அப்படியே நினைவிருக்கிறது. நான் பயந்தேன். இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமே என்றேன். "அண்ணி, முன்னாடி நிக்கிறவங்களுக்குத்தான் முதல்ல கிடைக்கும்" என்றாய். பலன் வரவில்லையே என்று அப்புறம் எனக்கு வருத்தம்தான், ஆனால் உன்மேல் ஒரு நாளும் வருத்தம் வந்ததில்லை. நீ இல்லாவிட்டால் எங்களுக்கு யார் இவ்வளவு செய்வார்கள்?

கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு லென்ஸ் மாட்டுகிறேன். என் கண் மட்டும் தபால்காரர் வரும் வழியிலேயே இருக்கிறது. சீக்கிரம் எழுது.

அண்ணி


பிப்ரவரி 27
(அனுப்பாதது)

அண்ணி,

நலம் விசாரிக்கிற யோக்கியதை இன்று எனக்கு இல்லை.

சிட்டு இருந்த முதல் குழுவின் ரத்தப் பரிசோதனை முடிவுகள் நவம்பரிலேயே எங்கள் கூட்டத்தில் வந்துவிட்டன. பெரும்பாலானவர்களின் உடம்பு அந்த மேல்பூச்சை எதிரி என்று அடையாளம் வைத்துக்கொண்டுவிட்டது. அதே பூச்சுள்ள மருந்தை மறுபடி ஏற்றினால், கல்லீரலுக்குப் போகும் முன்பே உடம்பு அதைத் துடைத்து எறிந்துவிடும். அது பரவாயில்லை. சிலருக்கு மூச்சுக்குழல் இறுகும், ரத்த அழுத்தம் சரியும், உயிரே போகலாம். சிட்டுவின் தடிப்பு அதன் தொடக்கம்தான். மருந்து அதே பூச்சோடு இருக்கும்வரை அவளுக்கு அது கிடையாது.

முதல் குழுவுக்குக் கொடுத்தது ஆபத்து உண்டா என்று பார்க்கிற மிகச் சிறிய அளவு. அது குணப்படுத்தாது என்று எனக்கு அன்றே தெரியும். உள்ளே நுழைந்துவிட்டால் பிறகு கூட்டித் தருவார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். எங்கள் மருந்து என் வீட்டுப் பிள்ளைக்கே போகிறது என்று ஆய்வகத்தில் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தேன். அந்தப் பூச்சுக் கொழுப்பை எடை போட்டதும் என் கைதான்.

கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று நீங்கள் சொன்னீர்கள். உங்கள் பேச்சைக் கேட்டிருந்தால் அந்த முட்டையை இன்று சிட்டு தின்றிருப்பாள்.


மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கு நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும்.

விசாரித்துவிட்டேன். முன்பு இந்த மருந்தை எடுத்துக்கொண்டவர்களைப் புதுச் சோதனையில் சேர்ப்பதில்லையாம். விதி அப்படி, என் கையில் ஒன்றும் இல்லை. மன்னியுங்கள். சிட்டுவுக்கு வண்ணப் பென்சில்கள் அனுப்பியிருக்கிறேன், நல்ல உயர்ந்த ரகம்.

அவசரத்தில் எழுதுகிறேன்.
நாத்தனார்


மார்ச் 14

நாத்தனாருக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள், எனக்குக் கோபம் வந்தாலும் அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

விதியாம் விதி! வரிசையில் முதலில் வந்து நின்றவளைப் பார்த்து, நீ முதலில் வந்துவிட்டாய் அதனால் வீட்டுக்குப் போ என்கிறார்களா? அவர்கள் சரிபார்த்துக்கொள்ள என் பெண்ணின் கை வேண்டியிருந்தது. பலன் வந்ததும் அவள் பழைய ஆளாகிவிட்டாள். இதை எழுதியவனுக்குப் பிள்ளைகுட்டி கிடையாதா?

உன்மேல் கோபமில்லை. நீ என்ன செய்வாய், பாவம்.

ஆனால் ஒன்று யோசித்தேன். என் அக்கா இருக்கும் ஊரிலும் ஒரு ஆஸ்பத்திரியில் இந்தச் சோதனை நடக்கிறது. அங்கே எங்களை யாருக்கும் தெரியாது. அக்கா வீட்டு முகவரியைக் கொடுத்து, முன்பு எதுவும் எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டால் யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள்? உன் அண்ணனிடம் சொல்லவில்லை. அவர் பொய் சொன்னால் காதே சிவந்துவிடும். நீ என்ன சொல்கிறாய்? பென்சில் வந்தது. நன்றாக இருக்கிறது.

அண்ணி


மார்ச் 19

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் கடிதம் வந்த கையோடு எழுதுகிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

இந்த மாதிரி விஷயங்கள் எப்படியும் வெளியே வந்துவிடும். வந்தால், சிட்டு யாருடைய அண்ணன் மகள் என்று தேடிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். நான் சொல்லிக்கொடுத்துத்தான் செய்தீர்கள் என்பார்கள். என் வேலை போய்விடும் அண்ணி. பதினெட்டு வருட வேலை. எனக்காக இதை விட்டுவிடுங்கள், காலில் விழுந்து கேட்கிறேன்.

நாத்தனார்


ஏப்ரல் 10

நாத்தனாருக்கு,

எல்லோரும் சௌக்கியம். நீயும் சௌக்கியமாக இரு.

விட்டுவிட்டேன். உன் வேலை முக்கியம்.

அண்ணி


மே 3

அன்புள்ள அண்ணிக்கு,

நலம் என்று நிம்மதியாக எழுதி எத்தனையோ நாளாயிற்று, இன்று எழுதுகிறேன். நீங்கள் விட்டுவிட்டதாக எழுதியதைப் படித்தபின்தான் சோறு இறங்கியது. உங்கள் கடிதம் ரொம்பச் சின்னதாக இருந்தது. கோபம் என்று புரிகிறது. நாலு திட்டு திட்டி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

இங்கே எங்கள் பக்கத்து அறையில் வேறு மேல்பூச்சு ஒன்றை முயன்று பார்க்கிறார்கள். இப்போதைக்குக் கட்டி கட்டியாகத்தான் வருகிறது. ஆசை காட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம், வருடங்கள் ஆகும்.

உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கடிதத்தில் வராது, நேரில் வரும்போது சொல்கிறேன். சிட்டு படம் ஏதாவது வரைந்தாளா?

உங்கள் நாத்தனார்


மே 26

அத்தைக்கு,

நான் சிட்டு. நலமா? நான் நலம், நிஜமாகவே. எனக்குத் தெரியாமல் நீங்கள் அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். அம்மா அவற்றைத் தையல் மிஷின் டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியை அதன் மேலேயே வைக்கிறாள்.

அம்மா விடவில்லை, அத்தை. உங்களிடம் பொய் சொன்னாள். போன வாரம் பெரியம்மா ஊருக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். மாறுதலுக்குப் போகிறோம் என்று அப்பாவிடம் சொன்னாள். பஸ்ஸில் எனக்குப் பாடம் நடத்தினாள்: யார் கேட்டாலும் முன்னாடி இந்த மருந்து எடுத்ததில்லை, தடிப்பு வந்ததில்லை, அத்தை என்று யாரும் இல்லை. நானும் பத்துத் தடவை ஒப்பித்தேன். எனக்கும் ஆசைதான். முட்டை எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது.

ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. படுக்கவைத்து, கையில் ஊசி குத்தி, டியூபை மாட்டிவிட்டார்கள். மருந்தைத் திறக்கும் முன்னால் டாக்டரம்மா கடைசியாக ஒருமுறை கேட்டார்கள், முன்பு ஏதாவது எடுத்திருக்கிறாயா என்று. அம்மா என்னைப் பார்த்தாள். எடுத்திருக்கிறேன், மூன்று முறை, கடைசியில் தடிப்பு வந்தது என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன் என்றால், நீங்கள் வேலை போய்விடும் என்று எழுதியிருந்தீர்களே, அது எனக்கு இடித்துக்கொண்டே இருந்தது. ஒரு தொகுதி மருந்து சரியில்லை என்று மேனேஜரோடு சண்டை போட்டு, "வேலையை விட்டு அனுப்பினாலும் சரி, இது வெளியே போகாது" என்று மொத்தத்தையும் கொட்டவைத்த கதையை எனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள். வேலைக்குப் பயந்து எனக்கு மருந்து வேண்டாம் என்று சொல்கிற ஆள் நீங்கள் இல்லை. அப்படியென்றால் வேறு ஏதோ இருக்கிறது. தடிப்பைப் பற்றி வேறு கேட்டிருந்தீர்கள்.

டாக்டரம்மா உடனே டியூபை எடுத்துவிட்டார்கள். முன்பு எடுத்த மருந்துக்கு எதிர்ப்பு உடம்பில் அடங்கிக் கிடக்குமாம், சில பேருக்குப் பரிசோதனையில் தெரியாதாம், மருந்து உள்ளே போனால்தான் கிளம்புமாம். "இந்தக் கட்டில்லேயே உன் உயிர் போயிருக்கும்மா" என்றார்கள். 

வீட்டுக்கு வந்ததிலிருந்து அம்மா என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை அளந்து வைக்கிறாள், தலை வாரிவிடுகிறாள், பேச்சு மட்டும் இல்லை. எல்லோர் முன்னாலும் அவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டேன். நான் சொன்னது தப்பா அத்தை?

சிட்டு


ஜூன் 2

அண்ணிக்கு,

உங்கள் போனுக்கு மூன்று நாளாகக் கூப்பிடுகிறேன், நீங்கள் எடுக்கவில்லை. எடுக்காதது நியாயம்தான்.

சிட்டு எழுதியிருந்தாள். முதலில் அவளிடம் சொல்லுங்கள்: தப்பில்லை, தங்கமே, தப்பே இல்லை. தப்பு செய்தவள் நான்.

பிப்ரவரியில் எழுதி அனுப்பாமல் வைத்த ஒரு கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். அதில் எல்லாம் இருக்கிறது. அதை அனுப்பியிருந்தால் நீங்கள் அந்த ஊருக்கே போயிருக்க மாட்டீர்கள். முடிவுகள் வந்தது நவம்பரில். நவம்பரிலிருந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். உங்கள் யோசனையைப் படித்ததும் பயந்துபோய் அன்றே பதில் எழுதினேன். அப்போதுகூட, உயிருக்கு ஆபத்து என்று ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் எப்படி ஆபத்து என்று கேட்பீர்கள். முதல் குழுவால் வந்தது என்று சொல்ல வேண்டும். முதல் குழுவில் சேர்த்தது யார் என்று நீங்கள் கேட்கவேண்டியதே இல்லை. என்னை நல்லவள் என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருப்பது எனக்கு வேண்டியிருந்தது, அண்ணி. அதற்காக வேலை என்று ஒரு சப்பைக்கட்டு கட்டினேன்.

அந்தக் கட்டிலை நினைக்காமல் ஒரு பொழுதும் போகவில்லை. மன்னியுங்கள் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. திட்டியாவது எழுதுங்கள்.

நாத்தனார்


ஆகஸ்ட் 21

நாத்தனாருக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டு எழுதத்தான் நாலு முறை உட்கார்ந்தேன். நாலு முறையும் திட்டாகவே வந்தது, கிழித்துவிட்டேன். இங்கே சிட்டு பரவாயில்லை. இரண்டு மாதமாக அம்மோனியா ஏறவில்லை. உன் பென்சிலால் எங்கள் கடை முதலாளியை மூக்குக்கண்ணாடி போட்ட ஆடாக வரைந்திருக்கிறாள். நான் அவளோடு பேசுகிறேன். பேசாமல் இருந்ததற்குக் காரணம் அவள் நினைத்தது இல்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். இன்னும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன். முதல் குழுவில் சேர்த்ததற்கு எனக்குக் கோபம் இல்லை, அதில் நானும்தான் கையெழுத்துப் போட்டேன். ஒரு வரி எழுதியிருக்கலாமே, பாவி. ஒரே ஒரு வரி.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. வேலை போய்விடும் என்று நீ எழுதியதும் நான் நம்பிவிட்டேன். இவ்வளவுதானா இவள், என் பிள்ளையைவிட இவளுக்குச் சம்பளம் பெரிது என்று உடனே நம்பினேன். இருபது வருடமாக உன்னோடு பழகிய நான் நம்பினேன். அந்த ஆத்திரத்தில்தான் விட்டுவிட்டேன் என்று உனக்குப் பொய் எழுதிவிட்டு அவளை இழுத்துக்கொண்டு போனேன். அவள் அதே கடிதத்தைப் படித்துவிட்டு, அத்தை அப்படிப்பட்டவள் இல்லை என்று நினைத்திருக்கிறாள். அதனால்தான் அவள் இன்று இருக்கிறாள். என்னைப்போல அவளும் உன்னைக் கேவலமாக நினைத்திருந்தால் இல்லை.

உன் அண்ணனுக்கு இதுவரை எதுவும் தெரியாது. நேற்றுகூட, "என் தங்கச்சிக்கு ஒரு போன் போட்டியா, எவ்வளவு செஞ்சிருக்கா" என்று கேட்டார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். நீ செய்ததைச் சொன்னால் நான் செய்ததையும் சொல்ல வேண்டும், இரண்டும் சேர்ந்துதான் கதை. பல நாள் முயன்றுவிட்டேன். அவர் எதிரில் போய் உட்காருகிறேன், உட்கார்ந்ததும் வாய் ஒட்டிக்கொள்கிறது.

லீவு போட்டுவிட்டு வா. நீ வந்தால் நான் பேச ஆரம்பிக்கிறேன். நடுவில் நான் நின்றுவிட்டால் மீதியை நீ சொல்.

அண்ணி